பெயர் கேட்காத இரவல் நூலகம்

திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஒரு வீட்டின் விறாந்தையையும் அதனை அடுத்த இரண்டு அறைகளையும் கொண்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் நடத்திவரும் இரவல் நூலகத்தில் நான் கடந்த சித்திரை முதல் அங்கத்தவனாக இருக்கிறேன். வைப்புப் பணம் 1500 ரூபா; மாதக் கட்டணம் 300 ரூபா; ஒரே நேரத்தில் மூன்று நூல்களை எடுத்துச் செல்லலாம். இவை எந்த இரவல் நூலகத்திலும் உள்ள ஏற்பாடுகள்தாம். இந்த இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தவை இரண்டு. முதலாவது, நூல் எடுப்பவரின் பெயர் இங்கே எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. இரண்டாவது, உள்ளறையின் மேற்குச் சுவர் முழுவதும் ஒரே பொருளைப் பற்றிய நூல்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஒட்டியுள்ள அட்டையில் ‘மறை’ என்ற ஒரேயொரு சொல் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் நாள் படிவம் கேட்டு நின்ற என்னிடம் ரீச்சர், “உங்கட இலக்கத்தை மட்டும் எழுதுங்கோ, தம்பி; பேர் வேண்டாம்” என்றார். வைப்புப் பணத்தை ஒரு கடித உறையில் இட்டு, உறையின் மேல் இலக்கத்தை எழுதி, ஒட்டிய இடத்தில் நாமே ஒரு கீறலோ குறியோ இட வேண்டும். நூலை எடுக்கும்போது இலக்கம் எழுதிய சீட்டு அந்த நூல் இருந்த இடத்தில் செருகப்படும். நூலைத் திருப்பிக் கொடுத்தவுடன் அந்தச் சீட்டு நம் கையிலேயே தரப்படுகிறது. அதைக் கிழித்துப் போடுவது நம் வேலை. ஆகவே, நான் இதுவரை என்னென்ன படித்தேன் என்பதை என்னைத் தவிர வேறு எவராலும், ரீச்சராலும்கூட, ஆதாரத்துடன் சொல்ல முடியாது. ஒரு நூல் திரும்பி வராவிட்டால் இழப்பு அவருடையது. அதை அவர் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து பிறந்தது என்பது அங்குள்ள பழைய நூல்களைத் திறந்தால் விளங்கும். அவற்றுட் பலவற்றில் முதற்பக்கம் இல்லை. சிலவற்றில் மேல்மூலை மட்டும் கவனமாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. பெயர் எழுதும் இடம் அது. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 1990களில் நான் பாடசாலை மாணவனாக இருந்த காலத்தில், சோதனைச் சாவடி ஒன்றில் என் புத்தகப் பை கவிழ்க்கப்பட்டு, ஒரு கவிதைத் தொகுப்பின் முதற்பக்கத்தில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு ஒரு முழு மத்தியானம் என்னை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்கு அதை இரவல் தந்த அண்ணருடையது. அன்று இரவு அம்மா வீட்டிலிருந்த எல்லா நூல்களின் முதற்பக்கங்களையும் கிழித்து அடுப்பில் இட்டார். நூல்களை எரிக்க அவருக்கு மனம் வரவில்லை. பெயர்களை மட்டும் எரித்தார். இந்த நூலகத்தின் தட்டுகளில் அதே வகையான கிழிசலை மீண்டும் மீண்டும் கண்டபோது, இவ்வூரில் எத்தனை தாய்மார் அதே வேலையைச் செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பெயர் பதியாத இந்த ஏற்பாட்டை யாரேனும் ஒரு முதிய ஆசிரியையின் விசித்திரப் பழக்கம் என்று சொல்வாராயின், அவர் இந்தக் கிழிந்த பக்கங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

‘மறை’ என்ற தலைப்பைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ‘இரகசியம்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சுவர் இவ்வளவு அகன்றிருக்காது. தமிழில் மறை என்பது ஒளிக்கப்பட்டதையும் குறிக்கும், வேதத்தையும் குறிக்கும். நிறைமொழி மாந்தர் சொல்லிய மறைமொழியே மந்திரம் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அதே மொழிதான் திருக்குறளைப் பொதுமறை என்று அழைக்கிறது. மறைத்து வைப்பதற்குரியது என்ற பொருளையும் எல்லோருக்கும் உரியது என்ற பொருளையும் ஒரே தொடருக்குள் இருத்திய ஒரு சமூகம், இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியை நெடுங்காலமாக அறிந்தே வந்திருக்கிறது. திருக்கோட்டியூரில் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை இராமானுசர் எல்லோரும் கேட்க வெளியிட்டார் என்று வைணவ மரபு சொல்லும் கதையும் இந்த இழுபறியைப் பற்றியதுதான். இவை பற்றிய நூல்களை ஒட்டி நிற்கும் சித்தர் பரிபாஷை (சித்தர்களின் குழூஉக்குறி மொழி), பரம்பரை வைத்தியரின் கைமுறை ஆகியவை பற்றிய பகுதியை நான் விரைவாகவே கடந்துவிட்டேன். அங்குள்ள நூல்கள் பெரும்பாலும் பழைய சந்தைப் பதிப்புகள், அச்சுப் பிழைகள் மலிந்தவை.

இந்த நூலகத்தின் உண்மையான சேவை ரீச்சர் ஒவ்வொரு நூலுக்குள்ளும் வைத்திருக்கும் அரைத்தாள் குறிப்பில் இருக்கிறது என்பேன். அதில் விளக்கம் எதுவும் இருக்காது. எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் மட்டுமே இருக்கும். குறுந்தொகைக்குள் இருந்த தாளில், “25ஆம் பாட்டு. குருகு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?” என்று எழுதியிருந்தது. கபிலரின் இந்தப் பாடலைப் பாடசாலையில் படித்திருக்கிறேன். ஆனால் படித்தேன் என்று சொல்லும் தகுதி எனக்கு இந்தக் கேள்விக்குப் பிறகே வந்தது. தலைவனும் தலைவியும் களவில், அதாவது ஊரறியாக் காதலில், கூடியபோது அங்கே வேறு எவரும் இல்லை; அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான்; அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கிறாள். பிறகு நினைவு வந்தவளாக, தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களையுடைய ஒரு குருகும் இருந்தது என்கிறாள். அதுவோ ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்து நின்றது. இருந்த ஒரே சாட்சியும் தன் பசியையே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பலகாமக் குடாவின் சேற்றுக் கரையில் நாரையும் கொக்கும் அசையாமல் நிற்பதை நாள்தோறும் பார்த்து வளர்ந்த எனக்கு, அவற்றின் கண் நம்மேல் ஒருபோதும் இல்லை என்பது இந்தப் பாட்டினாலேயே உறைத்தது. இரகசியம் இருவருக்குப் பொதுவானதாகத் தோன்றினாலும், அது உடைந்தாலும் உடையாவிட்டாலும் அதன் விலையை அவர்களுள் ஒருவரே செலுத்த வேண்டியிருக்கிறது.

களவு என்ற நிலைக்கு இலக்கணம் வகுத்ததோடு தொல்காப்பியம் நின்றுவிடவில்லை. அகத்திணையில் எவரையும் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்றும் விதித்தது. சங்க அகப்பாடல்களில் மன்னரின் பெயர், மலையின் பெயர், பூவின் பெயர் யாவும் இருக்க, காதலரின் பெயர் மட்டும் இல்லாமற்போனதற்கு இந்த மரபே காரணம். செம்புலப் பெயல்நீர் போல நெஞ்சங்கள் கலந்ததைச் சொன்ன புலவரின் பெயரும் நம்மை வந்தடையவில்லை. அவரை அவர் எழுதிய உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என்கிறோம். அதே மரபு, இரகசியம் கசியும் விதத்துக்கும் இரண்டு தனிச் சொற்களை வைத்திருக்கிறது. சிலர் மட்டும் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். ஊரார் வாயை இவ்வளவு நுட்பமாக அளந்த வேறு மொழி எதையேனும் நான் இன்னும் சந்திக்கவில்லை. திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் காதலன் அந்த அலரையே வரவேற்கிறான். ஊர் பேசுவதால்தான் என் உயிர் நிற்கிறது என்கிறான். குறுந்தொகைத் தலைவியின் அச்சத்தையும் இவனுடைய மகிழ்ச்சியையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படிக்கும்படி அந்தத் தாள்கள் என்னை வழிநடத்தின. இதற்காகவே மாதக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

குறளின் ஒற்றாடல் அதிகாரம் இருந்த பக்கத்தில், “590 ஐப் படித்துவிட்டுத் துறைமுக நூல்களுக்குப் போகவும்” என்ற குறிப்பு இருந்தது. ஒற்றனுக்குப் பிறரறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால் மறையை நீயே வெளிப்படுத்தியவன் ஆவாய் என்கிறது அந்தக் குறள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் பிளெச்லி பார்க்கில் பகைவரின் சங்கேதங்களை உடைத்த ஆயிரக்கணக்கானோர், போர் முடிந்த பின்னரும் 1970களின் நடுப்பகுதி வரை தம் பணியைப் பற்றி வெளியே பேச முடியாதிருந்தனர். அவர்களைப் பற்றிய நூலையும் இந்தக் குறளையும் ஒரே கயிற்றில் கட்டிய கைக்கு என் வணக்கம். 1942 ஏப்ரலில் நம்முடைய துறைமுகத்துக்கு நேர்ந்ததும் அந்த வரிசையிலேயே வருகிறது. கொழும்பில் இயங்கிய சங்கேத உடைப்புப் பிரிவு, ஜப்பானியக் கடற்படை இலங்கையைத் தாக்க வருகிறது என்பதை முன்கூட்டியே அறிந்தது. தாக்குதல் ஏப்ரல் 1 அளவில் வரும் என்று எதிர்பார்த்துக் கடலிற் காத்திருந்த பிரித்தானியக் கப்பற்படை, அது வராமற்போகவே, மாலைதீவின் அட்டு பவளத்தீவில் இரகசியமாக அமைத்திருந்த தளத்துக்குத் திரும்பியது. ஏப்ரல் 5 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. எச்சரிக்கை கிடைத்து முன்னிரவிலேயே இங்கிருந்து புறப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. மறைவான செய்தியை அறிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, இந்த ஒரு வாரக் கதை கண்ணைத் திறந்தது.

கோணேசர் ஆலயம் பற்றிய தட்டிலேயே நான் அதிக நாட்களைச் செலவிட்டேன். 1622 இல் பறங்கியராகிய போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர் என்பது ஊரில் எல்லோரும் அறிந்தது. கோட்டை வாயிலின் இணைக்கயல் (இரட்டை மீன்) கல்லையும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் பிள்ளைகளாக இருந்தபோதே விரலால் தடவிப் பார்த்திருக்கிறோம். ரீச்சரின் குறிப்பு, இடித்தவர்களை விட்டு, புதைத்தவர்களைப் பற்றிச் சிந்திக்கச் சொன்னது. 1950 இல் நகரசபையினர் ஆலயச் சூழலுக்கு அண்மையில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவை ஆலயம் அழிக்கப்பட்ட காலத்தில் மறைக்கப்பட்டவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்வாறாயின், யாரோ சிலர், பகைவர் நெருங்கிய வேளையில், அவற்றைத் தூக்கிச் சென்று குழி தோண்டி மூடியிருக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. இடத்தை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்களா, சொல்லி அது எந்தத் தலைமுறையில் அறுந்தது, அல்லது சொல்லாமலேயே இறந்தார்களா என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் திருமேனிகளின் மேல் ஊர் நடமாடியது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறி ஆண்டார்கள். அந்த இரகசியம் காக்கப்பட்டது மட்டுமன்றி, காப்பவர் எவருமே இல்லாத இரகசியமாகவும் ஆகிவிட்டது. 1963 இல் புதிய ஆலயத்தின் குடமுழுக்கு நிகழ்ந்தபோது அந்தத் திருமேனிகள் மீண்டும் வழிபாட்டுக்கு வந்தன. கோணேசர் ஆலயம் நிற்கும் சுவாமிமலைக்குச் செல்லும்போதெல்லாம் அந்த முகங்களை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். இதற்கு இந்த நூலகத்துக்கு நான் கடமைப்பட்டவன்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளிப்படையான உலகின் அருகே இரண்டாவது உலகம் ஒன்று அமைய இரகசியம் வழிசெய்கிறது என்று எழுதினார். அவருடைய கட்டுரையின் தட்டச்சுத் தமிழாக்கம் ஒன்று அங்கே உண்டு. மொழிபெயர்ப்பு கரடுமுரடானது, ஆயினும் பொறுமையுடன் படித்தால் பயனுண்டு. அதற்குப் பக்கத்தில், எதிர்பாராத விதமாக, சட்ட நூல்கள் சில இருக்கின்றன. 1955 இன் 32 ஆம் இலக்க உத்தியோக இரகசியங்கள் சட்டமும், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஒட்டி ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. பின்னதன் குறிப்புத்தாளில் “இதை வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாவிக்கவும்” என்றிருந்தது. நான் பாவித்தேன். என் தந்தையின் காணி தொடர்பான ஓர் ஆவணத்தின் பிரதியைக் கேட்டு அலைந்து சலித்திருந்த நான், அந்தச் சட்டத்தின்படி எழுத்தில் விண்ணப்பித்தேன். பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுப்பதானால் காரணம் காட்ட வேண்டும் என்பவை அந்தச் சட்டத்தைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. முதற்பதில் காரணம் எதுவுமின்றி மறுத்தது. மேன்முறையீட்டின் பின் பிரதி கிடைத்தது. இலக்கியத் தட்டில் தொடங்கிய வாசிப்பு என் தந்தையின் காணி வரையில் வந்து சேரும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

திருகோணமலையின் சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்) பற்றிய பத்திரிகை நறுக்குகளின் கோப்பும் அதே தட்டில் உள்ளது. 1987 இலங்கை இந்திய உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இந்தக் குதங்கள் இடம்பெற்றன. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஏற்பாட்டின்படி 14 குதங்கள் இந்திய நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. காட்டுக்குள் நிற்கும் அந்தக் குதங்களைப் பார்த்தே வளர்ந்த நாங்கள் இந்தக் கணக்கைச் செய்தித்தாளில்தான் படித்தோம். வாசகரின் பெயரை மறைத்துக் காக்கும் சுவருக்கு எதிரே அமர்ந்து இந்தக் கோப்பைப் புரட்டுகையில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. தனியாளிடம் இருக்கும் மறைவு அவருக்கு ஒரு கூரை. ஆள்பவரிடம் இருக்கும் மறைவு பிறர் முகத்தின் முன் எழும் சுவர். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான், ஒன்றுக்குரிய நியாயத்தை மற்றையதற்கு எடுத்துப் போர்த்திவிடுகிறார்கள். 1931 இல் இலங்கைக்கு வந்த சர்வசன வாக்குரிமை இதற்கு நல்ல சான்று. வாக்காளரின் புள்ளடி மறைவில் இருக்க வேண்டும். எண்ணிக்கை வெளியில் நடக்க வேண்டும்.

இதனாலேயே இந்த நூலகத்தில் எனக்குள்ள பெரிய குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. உள்ளறையில் பூட்டிய அலுமாரி ஒன்று இருக்கிறது. போர்க் காலத்திலும் அதன் பின்னரும் பல குடும்பங்கள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன கடிதங்களும் நாட்குறிப்புகளும் அதற்குள் உள்ளன என்பதை நான் மூன்றாம் மாதத்திலேயே, அதுவும் தற்செயலாகவே, அறிந்தேன். அவற்றை இரவல் கொடுக்க முடியாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவை ரீச்சருடையவை அல்ல. ஆனால் அவை அங்கே இருக்கின்றன என்பதே எந்தப் பட்டியலிலும் இல்லை. யாரிடம் அதைப் பற்றிச் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பதை அவர் ஒருவரே முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல் வயது. செப்புத் திருமேனிகளைப் புதைத்தவர்களைப் பற்றிச் சிந்திக்கச் சொல்லித் தம் கையாலேயே எழுதி நூலுக்குள் வைத்தவர், அதே மண்ணைத் தம் அலுமாரியின் மேலும் இட்டு மூடக் கூடாது. ஓர் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மறைக்கலாம். அந்த ஏடு இருக்கிறது என்பதை மறைத்தால், நாளை தேடி வருபவர் எங்கே தோண்டுவார்? இதை ஒரு மாலையில் அவரிடம் தயக்கத்துடன் சொன்னேன். “அந்தச் சனம் என்னட்ட நம்பித் தந்தது, தம்பி” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

மற்றக் குறைகள் சிறியவை. நூற்பட்டியல் கையெழுத்தில் ஒரே ஒரு கொப்பியாக இருப்பதால், மாலையில் நாலைந்து பேர் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டும். மாரி காலத்தில் மேற்குச் சுவரில் ஈரம் ஏறுகிறது. கீழ்த்தட்டு நூல்கள் சிலவற்றில் ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்துவிட்டது, அவற்றை உடனடியாக மேலே ஏற்ற வேண்டும். சிறுவருக்கான நூல்கள் மிகக் குறைவு. திங்கள் தவிர்ந்த நாட்களில் பிற்பகல் மூன்றரை முதல் ஏழு மணி வரை திறந்திருக்கும். வெள்ளியன்று கோவில் பூசை காரணமாக ஆறு மணிக்கே அடைத்துவிடுவார். முகவரியை எழுத ரீச்சர் இசையவில்லை. கோவிலடியில் பூக்கடைக்காரரிடம் புத்தக ரீச்சர் வீடு எது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்.

சென்ற கிழமை நூல்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அலுமாரிக் கதவில் கொப்பித்தாள் ஒன்று புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. ரீச்சரின் உருண்டையான கையெழுத்தில் நான்கு வரிகள்: “கடிதங்கள், ஒரு பெட்டி. நாட்குறிப்புகள், ஏழு. பாட்டுக் கொப்பி, ஒன்று. வாசிக்க விரும்புவோர் என்னிடம் சொல்ல வேண்டும்; தந்தவர்களின் வீட்டாரிடம் நான் கேட்டுச் சொல்வேன்.” ஏழு என்பதை முதலில் ஆறு என்று எழுதி, பிறகு வெட்டித் திருத்தியிருந்தார்.